அரசு விலகிக்கொள்ளட்டுமா?

கேள்வி: சந்தை சுதந்திரமாக இயங்க வேண்டுமென்றால், போலீஸ், ராணுவம், நீதிமன்றம் தவிர மற்ற எல்லாவற்றிலிருந்தும் அரசு விலகிவிடுவதுதானே முறை?

பதில்: சரி, விலகட்டும். அதற்கு முன் பங்குதாரர்களை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கம்பெனி திவாலானால் அவர்களுக்குப் போவது போட்ட முதல் மட்டும்தான். கடன் கொடுத்தவர் அவர்கள் வீட்டை ஜப்தி செய்ய முடியாது. இந்தப் பாதுகாப்பு சந்தையில் தானாக முளைத்ததல்ல. பிரிட்டனில் 1855-ல் பாராளுமன்றம் சட்டம் போட்டுக் கொடுத்தது. அதற்கு முன், தனிச் சலுகை வாங்காத தொழில்களில் பங்காளிகள் சொந்தச் சொத்தை விற்றாவது கடனை அடைக்க வேண்டும். காப்புரிமையும் இப்படித்தான். ஒருவர் கண்டுபிடித்ததை 20 ஆண்டுகளுக்கு இன்னொருவர் செய்து விற்கக் கூடாது என்று போட்டியைத் தடுத்து வைப்பதே அரசுதான். அந்தத் தலையீட்டைப் பற்றித் தொழிலதிபர்கள் அதிகம் முணுமுணுப்பதில்லை!

ஆகவே அரசு வேண்டுமா, வேண்டாமா என்று சண்டை போடுவது வீண். எதில் கை வைக்கலாம், எதில் கூடாது என்று பேசுவோம்.

இதற்கு அமெரிக்க விமானத் துறை நல்ல பாடம். எந்த வழித்தடத்தில் யார் பறக்கலாம், டிக்கெட் என்ன விலை என்பதையெல்லாம் 1938 முதல் அங்கே அரசு அமைப்புதான் முடிவு செய்தது. நாற்பது ஆண்டுகளில் பெரிய நிறுவனங்களின் வரிசையில் புதிதாக ஒன்றைக்கூட அது உள்ளே விடவில்லை. பயணிகளைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு, ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்றியது. கட்டணத்தைக் குறைத்துப் போட்டி போட வழியில்லாததால் விருந்திலும் சொகுசிலும் போட்டி நடந்தது. ஒரு நிறுவனம் விமானத்துக்குள் பியானோவே வைத்தது!

1978-ல் புதுச் சட்டம் வந்து விலைக் கட்டுப்பாடும் நுழைவுத் தடையும் படிப்படியாகப் போயின. விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தால் கட்டணம் இறங்கியது. புகழ்பெற்ற பான் ஆம் 1991-ல் இழுத்து மூடப்பட்டது. அதுவும் சந்தைதான், ஏற்கத்தான் வேண்டும். ஆனால் பாதுகாப்பு விதிகளை யாரும் தளர்த்தவில்லை. இன்ஜின் சரியாக இருக்கிறதா என்பதைப் பயணி பேரம் பேசித் தெரிந்துகொள்ள முடியாதே. ஆலைப் புகையும் அப்படித்தான்: அதைச் சுவாசிப்பவர் விற்பவருமில்லை, வாங்குபவருமில்லை. அங்கே அரசு கட்டாயம் வேண்டும். யார் கடை திறக்கலாம், என்ன விலை வைக்கலாம் என்பதில் பெரும்பாலும் வேண்டாம்.

என் பெரிய சந்தேகம் வேறு. 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலானது. மறுநாளே ஏஐஜி என்ற இன்சூரன்ஸ் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்த 8,500 கோடி டாலர் வரை கடன் தருவதாக அமெரிக்க மத்திய வங்கி அறிவித்தது. காப்பாற்றியது தப்பு என்று அடித்துச் சொல்ல மாட்டேன். விட்டிருந்தால் சம்பந்தமே இல்லாதவர்களும் சேர்ந்து மூழ்கியிருப்பார்கள். ஆனால் விழுந்தால் அரசு தூக்கிவிடும் என்று தெரிந்துவிட்டால், சூதாட யாருக்குப் பயம் இருக்கும்? நஷ்டத்தைத் தாங்க இவ்வளவு சொந்த முதல் வைத்திருக்க வேண்டும் என்று வங்கிகளுக்கு விதி போடுவது அதனால்தான். நல்ல காலத்தில் அந்த விதியை எதிர்ப்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அடுத்த முறை கையேந்தி வர மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார்களா?