தலையணைக்கு அடியில் பிஸ்கட் உறைகள்

கேள்வி: என் மகளுக்கு 10 வயது. உயரம் 138 செ.மீ., எடை 42 கிலோ. பிஸ்கட் டின்னை அலுமாரியில் வைத்துப் பூட்டுகிறேன். நேற்று அவளுடைய தலையணைக்கு அடியில் வெற்று உறைகள் கிடந்தன. மாமி அவளை 'குண்டு' என்றுதான் கூப்பிடுவார். டயட் தொடங்கலாமா?
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பூட்டைத் திறந்துவிடுங்கள். பூட்டி வைத்த பண்டத்தின் மேல்தான் பிள்ளையின் நினைப்பெல்லாம் இருக்கும். கிடைத்த நேரத்தில் அவசர அவசரமாக, பசியில்லாவிட்டாலும் சாப்பிடும். பிஸ்கட் வாங்குவதைக் குறையுங்கள், பூட்டே தேவைப்படாது. ஆனால் அந்தக் குறைப்பு வீட்டில் எல்லோருக்கும் பொது. தம்பிக்கு சொக்லேட், அக்காவுக்கு வெள்ளரிக்காய் என்றால் அவளுக்கு அது தண்டனையாகத்தான் தெரியும்.

'குண்டு' என்ற பேச்சு இன்றோடு நிற்க வேண்டும். மாமியிடம் சொல்ல உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் கணவர் சொல்லட்டும். அந்தச் சொல்லைக் கேட்டு எந்தப் பிள்ளையும் மெலிந்ததை நான் பார்த்ததில்லை. சாப்பாட்டை ஒளித்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டயட் வேண்டாம். அவளுடைய பீஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு, இப்போது 22. வயதுக்கு அதிகம்தான், பருமன் எல்லைக்கும் கிட்ட நிற்கிறது. ஆனால் இது வளரும் வயது. எடை 42 கிலோவிலேயே நிற்க, உயரம் 6 செ.மீ. கூடினால் அந்த 22 ஏறக்குறைய 20 ஆகிவிடும். மாதம் ஒரு தடவை நிறுத்துப் பார்த்தால் போதும்.

இந்த வயதில் புலமைப்பரிசில் வகுப்பும் இருக்கும் என்று நினைக்கிறேன். காலையில் வான் வந்துவிடும் என்று பாதிப் பாணோடு ஓட்டம், பின்னேரம் டியூஷன் வாசலில் ரோல்ஸும் சோடாவும். பசியோடு அனுப்பினால் வேறென்ன செய்வாள்? சோறு, பருப்பு, மரக்கறி, ஒரு மீன் துண்டு கொடுத்து அனுப்புங்கள். பையில் அவித்த கடலையும் தண்ணீர்ப் போத்தலும் இருக்கட்டும். சோடாப் போத்தலில் சீனி அளவைக் காட்டும் நிற வட்டத்தையும் பாருங்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால்தான் சிவப்பு. மஞ்சள் என்று நம்பி வாங்கும் போத்தலில் 10 கிராம் இருக்கலாம். அப்படியானால் 400 மில்லிலீற்றர் குடித்தால் 8 தேக்கரண்டி சீனி உள்ளே போகும்.

ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது வியர்க்க விளையாட வேண்டும். அதற்காக ஒரு வகுப்பைக் குறைத்தாலும் பரவாயில்லை.

அப்புறம், அவளுடைய கழுத்தின் பின்புறத்தைப் பாருங்கள். வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால் அழுக்கென்று தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். அதுவோ, தூக்கத்தில் பலத்த குறட்டையோ இருந்தால் பிள்ளை வைத்தியரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள்.