நிரபராதி என்று யார் சொன்னது?

கேள்வி: எஸ்டோனியப் பனிச்சறுக்கு வீரர் ஆண்ட்ருஸ் வேர்பாலு நிரபராதி என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது. அப்புறமும் சென்ற இதழில் அந்த ஊக்கமருந்து வழக்கைக் கிளறியது ஏன்? ஒரு சாதனையாளரை இப்படி அவமதிக்கலாமா?

பதில்: நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. தீர்ப்பைப் படித்துவிட்டுத்தான் எழுதினோம்.

அவருடைய சாதனையை நாங்கள் குறைத்தும் எழுதவில்லை. 2002 சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கில் 15 கிலோமீட்டரில் தங்கம். 2006 டூரின் ஒலிம்பிக்கில் அதே போட்டியில் மறுபடி தங்கம். 2009 லிபரெட்ஸில் 38 வயதில் உலகச் சாம்பியன்! ஆறு ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டவர். சுமார் 13 லட்சம் பேர் வாழும் நாட்டில் அவரைக் கொண்டாடியதில் ஆச்சரியம் இல்லை.

2011 ஜனவரியில் எடுத்த ரத்த மாதிரியில், ஊக்கமருந்தாகத் தடைசெய்யப்பட்ட வளர்ச்சி ஹார்மோன் சிக்கியது. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 3 ஆண்டுத் தடை விதித்தது. 2013 மார்ச்சில் விளையாட்டு நடுவர் மன்றம் (நீங்கள் சொல்லும் நீதிமன்றம் இதுதான்) அதை ரத்து செய்தது. எதற்காக? நம் உடலில் சுரக்கும் ஹார்மோன் பல வடிவங்களில் இருக்கும், ஊசியில் வருவது ஒரே வடிவம். ரத்தத்தில் அந்த ஒரு வடிவத்தின் விகிதம் ஓர் எல்லையைத் தாண்டினால் குற்றம். அந்த எல்லை சரியாகத்தான் கணக்கிடப்பட்டது என்பதைக் கூட்டமைப்பால் நிரூபிக்க முடியவில்லை. சோதனை முறையில் தவறில்லை என்றும், அவர் ஹார்மோன் எடுத்துக்கொண்டதையே பல அம்சங்கள் சுட்டுகின்றன என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. இந்தப் பகுதியை விட்டுவிட்டு 'விடுதலை' என்று மட்டும் எழுதச் சொல்கிறீர்களா?

தடையை நீக்கியது சரி என்றே நினைக்கிறேன். நிரூபிக்காமல் தண்டிக்கக் கூடாது. அவர் பதக்கங்கள் அவரிடம்தான் இருக்கின்றன, இருக்கட்டும். ஆனால் 2002இல் 50 கிலோமீட்டர் போட்டியில் அவர் மூன்றாவதாகத்தான் வந்தார் என்பதையும் நினைத்துப் பாருங்கள். முதலில் வந்த யோஹான் மியூலெக் ஊக்கமருந்தில் பிடிபட்டதால்தான் வெண்கலம் வெள்ளியானது. சோதனை ஒழுங்காக நடந்தால் பலன் யாருக்கு என்பதற்கு வேர்பாலுவே உதாரணம்.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு அந்த எல்லைகளை மறுபடி கணக்கிட்டு 2014இல் வெளியிட்டது. அந்த வேலையை முதலிலேயே ஒழுங்காகச் செய்திருந்தால், அவர் குற்றவாளியா இல்லையா என்பது அன்றே தெரிந்திருக்கும். கோபப்படுவதென்றால் அதற்காகக் கோபப்படுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.