அமுக்குவான் பேயா?

கேள்வி: வீட்டுப் பட்டாலையில் (உள்திண்ணையில்) மல்லாந்து படுத்தால் விடியற்காலையில் விழிப்பு வருகிறது, ஆனால் கை, கால் அசையவில்லை, குரல் எழவில்லை, நெஞ்சில் யாரோ உட்கார்ந்ததுபோல் அழுத்தம். அமுக்குவான் பேய் என்கிறார் அப்பத்தா.
— வாசகி, காரைக்குடி

பதில்: பேயில்லை, தூக்க முடக்கம். கனவுக் கட்டத்தில் மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கும். அது விலகுமுன் விழித்துவிட்டால் இந்தத் திண்டாட்டம். மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானம் இயங்குவதால் மூச்சு நிற்காது. சில நொடிகள், மிஞ்சினால் ஓரிரு நிமிடம். திமிறாதீர்கள், பயம்தான் கூடும். மூச்சை மெல்ல விட்டபடி கால் பெருவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். விலகியதும் உடனே கண்ணை மூடினால் திரும்பவும் வரலாம். வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) இரண்டு நடை நடந்துவிட்டு ஒருக்களித்துப் படுங்கள். கல்யாண வேலையில் கண்விழித்த நாட்களில் இது அதிகம் வரும். தலைமாட்டில் இரும்பு வைப்பதால் கெடுதலில்லை, பலனுமில்லை. பகலில் அடக்கமுடியாத தூக்கமோ, சிரிக்கும்போது முழங்கால் துவள்வதோ இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.