புகலிடம் கோருவோர் விடுதியும் பக்கத்துத் தெருவும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

புகலிடம் கோரி வந்தவர்கள், வழக்கு முடியும் வரை தங்கும் விடுதிகளை நடத்துவது என் வேலை. கேள்வி கேளுங்கள் என்றதும் நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து எழுதுகிறேன்.

அக்கா, எங்கள் ஊரில் விடுதி திறந்ததே பஸ் வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது. முன்னாலேயே சொன்னால் எதிர்ப்பு வரும் என்று மறைப்பது சரியா?

சரியில்லை. எதிர்ப்பு எப்படியும் வரும். மறைத்தால், ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபமும் அதோடு சேர்ந்துகொள்ளும், அது லேசில் ஆறாது. எத்தனை பேர் வருகிறார்கள், குடும்பங்களா தனி ஆட்களா, ஒப்பந்தம் எவ்வளவு காலம், இரவில் யார் பொறுப்பு, பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போவார்கள், டாக்டர் யார், இதையெல்லாம் முதல் ஆள் வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். முடிவாகாததை முடிவாகவில்லை என்றே சொல்லுங்கள். நாம் சொல்லாமல் விட்ட ஒவ்வொன்றுக்கும் அன்றைக்கு ராத்திரியே வாட்ஸ்அப்பில் யாராவது ஒரு பதில் தயாரித்துவிடுவார்கள்.

பெரிய மண்டபத்தில் ஒரே கூட்டமாகப் போடாதீர்கள். அங்கே சத்தமாகப் பேசுகிறவர்தான் பேசுவார், நிஜமான சந்தேகம் உள்ள பாட்டி பின்வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். தெருத் தெருவாக, பத்துப் பதினைந்து பேரோடு உட்கார்ந்து பேசுவதுதான் பலன் தரும். அப்புறம் ஒன்றை முதல் நாளே தெளிவாகச் சொல்ல வேண்டும்: விடுதி வரலாமா வேண்டாமா என்பது பெரும்பாலும் அரசாங்கம் ஏற்கெனவே எடுத்த முடிவு, ஆனால் அதை எப்படி நடத்துவது என்பதில் உங்கள் சொல் எடுபடும். எல்லாமே உங்கள் கையில்தான் என்பதுபோல் கருத்துக் கேட்டுவிட்டுப் பிறகு கைவிரித்தால், அடுத்த கூட்டத்துக்கு யாரும் வர மாட்டார்கள்.

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு என் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே நின்று போன் பேசுகிறார்கள். புகார் சொன்னால் என்னை இனவெறி பிடித்தவன் என்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

தயங்காமல் சொல்லுங்கள். தூக்கம் கெடுகிறது என்று சொல்வதில் இனவெறி எதுவும் இல்லை. இதே புகார் நான் பார்த்த ஒரு விடுதியிலும் வந்தது. போய்ப் பார்த்தால், அந்த மதில் ஓரத்தில் மட்டும்தான் வைஃபை சரியாகக் கிடைக்கிறது. ஊரில் இருக்கும் மனைவி மக்களுக்கு அப்போதுதான் விடிந்திருக்கும், அறையில் கூடவே மூன்று பேர் தூங்குகிறார்கள், வேறு எங்கே போய்ப் பேசுவார்கள்? உள்ளே இன்னொரு ரூட்டர் வைத்தோம், பெஞ்சையும் சிகரெட் அணைக்கிற டப்பாவையும் பின்கட்டுக்கு மாற்றினோம், புகார் நின்றுவிட்டது. சத்தம் போடாதீர்கள் என்று ஐந்து மொழியில் நோட்டீஸ் ஒட்டியிருந்தால் பெஞ்சு அங்கேயேதான் இருந்திருக்கும்.

அதனால்தான் எந்த நேரமும் ஒரு மனிதர் எடுக்கிற போன் நம்பர் தெருவில் எல்லோரிடமும் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்கிறேன். வந்த புகாரை நேரத்தோடு எழுதி வையுங்கள், என்ன செய்தோம் என்பதைப் புகார் சொன்னவருக்குத் திரும்பக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். செய்ய முடியவில்லை என்றாலும் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டாரின் நம்பிக்கை பெரும்பாலும் இந்தத் திரும்பக் கூப்பிடுவதில்தான் இருக்கிறது.

நல்ல திடமான ஆட்கள், பகலெல்லாம் சும்மா சுற்றுகிறார்கள். வேலைக்குப் போனால் என்ன?

பல நாடுகளில் போகக்கூடாது, சட்டமே தடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013 விதிப்படி, புகலிட விண்ணப்பத்துக்கு முதல் முடிவு வராமல் தாமதமானால் அதிகபட்சம் 9 மாதத்தில் வேலைக்கு வழிவிட வேண்டும், 2024-இல் அதை 6 மாதமாகக் குறைத்தார்கள். பிரிட்டனில் 12 மாதம் காத்திருந்துதான் அனுமதி கேட்கவே முடியும், கிடைத்தாலும் அரசு அனுமதிக்கிற குறிப்பிட்ட வேலைகள் மட்டும்தான். சும்மா இருப்பது அவர்களுக்குச் சுகம் என்று நினைக்காதீர்கள். நிம்மதியாகத் தூங்கவிடாமல் அடிப்பது அதுதான்.

எங்கள் பகுதியே வசதி இல்லாத பகுதி. எங்களுக்கு ஒன்றும் செய்யாமல் அவர்களுக்கு மட்டும் செய்வது நியாயமா?

நியாயமான கேள்வி, இதைக் கேட்பவர்களை வெறுப்பாளர்கள் என்று ஒதுக்குவது எனக்குப் பிடிக்காது. நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரின் ஓவர்ஃபெக்ட் பகுதியில் 'பிளான் ஐன்ஸ்டைன்' என்று ஒன்று நடத்தினார்கள். அதுவும் வசதி குறைந்த பகுதிதான், 2016-இல் விடுதி வருகிறது என்றதும் எதிர்ப்பும் கிளம்பியது. அங்கே செய்தது இதுதான்: அதே வளாகத்தில் உள்ளூர் இளைஞர்களுக்கும் வீடு கொடுத்தார்கள், ஆங்கில வகுப்பையும் தொழில் தொடங்கும் பயிற்சியையும் இரண்டு தரப்புக்கும் ஒன்றாக நடத்தினார்கள். இந்த இரண்டு பயிற்சிகளையும் தேர்ந்தெடுத்ததில் யோசனை இருந்தது. வழக்கு ஜெயித்தாலும் தோற்றாலும், இங்கே இருந்தாலும் வேறு நாட்டுக்குப் போனாலும் அவை உதவும்.

எல்லா இடத்திலும் இதற்குப் பணம் இருக்காது. ஆனால் விடுதிக்கு என்று வாங்கும் எதையும், கணினி அறையோ பந்து விளையாடும் இடமோ, தெருவுக்கும் திறந்துவிட முடியுமா என்று முதலில் கேளுங்கள். கிளினிக்கில் கூட்டம் கூடும் என்ற பயமும் பொய்யில்லை. நர்ஸ் வாரம் ஒரு முறை விடுதிக்கே வர ஏற்பாடு செய்தால் அதில் பெரும்பகுதி குறையும்.

ஊர்க்காரர்களை உள்ளே கூட்டிவந்து காட்டினால் பயம் போகுமே?

பொது அறைக்கு வரட்டும், சேர்ந்து ஏதாவது செய்யட்டும். தங்கும் அறைகளைச் சுற்றிக் காட்டவே கூடாது, அது அவர்கள் வீடு. போட்டோவும் வேண்டாம். இணையத்தில் ஒரு முகம் தெரிந்தால், ஊரில் விட்டுவந்த அம்மாவின் வீட்டுக் கதவை யாரோ தட்டலாம். ஏன் ஓடிவந்தீர்கள் என்றும் கேட்காதீர்கள், புகலிட வழக்குக்கான நேர்காணலில் அதைச் சொல்லிச் சொல்லியே நொந்து போயிருப்பார்கள்.

ஒரே நாட்டுக்காரர்களை ஒரே அறையில் போட்டால் சண்டை வராதுதானே?

அவர்களைக் கேட்காமல் செய்தால் வரும். ஒரே நாடு, ஆனால் எதிரெதிர்ப் பக்கம். இது நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வாசலில் ஆர்ப்பாட்டம் நடந்தால் என்ன செய்வீர்கள் மேடம்?

அமைதியாக நின்று கோஷம் போடுவது அவர்கள் உரிமை. ஊழியர்கள் வாசலில் நின்று வாதம் செய்யக்கூடாது. ஆனால் எப்போதும் அமைதியாகவே முடியும் என்று நம்பி இருக்கவும் முடியாது. 2024 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ராதர்ஹாம் அருகே, புகலிடம் கோருவோர் தங்கியிருந்த ஹோட்டலை, உள்ளே ஆட்கள் இருக்கும்போதே தாக்கித் தீ வைக்கப் பார்த்தார்கள். அதனால் தீயணைப்பு ஒத்திகையை அவரவர் மொழியில் செய்து வையுங்கள், போலீஸில் கூப்பிட வேண்டியவர் யார் என்று முன்னாலேயே பேசி வையுங்கள். மறுநாள் காலையில் பிள்ளைகளோடு பள்ளி வரை நடந்துபோக ஆள் ஏற்பாடு செய்யுங்கள். அந்த வேலைக்குத் தெருக்காரர்கள் தாமாக வந்தால் அதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை.

நான் ஒரு தனி ஆள். என்ன உதவி செய்யலாம்?

பழைய துணி மூட்டையோடு வராதீர்கள், என்ன தேவை என்று முதலில் போன் செய்து கேளுங்கள். பெரும்பாலும் ஆண்களுக்கான ஷூ, பிள்ளைகளின் பள்ளிப் பை என்றுதான் பதில் வரும். பேச்சு மொழி பழக வாரம் ஒரு மணி நேரம் கொடுத்தால் இன்னும் நல்லது. அகதி அந்தஸ்து கிடைத்தவர்கள் குறுகிய கெடுவுக்குள் விடுதியைக் காலி செய்தாக வேண்டும், பிரிட்டனில் பல காலம் அது 28 நாளாகத்தான் இருந்தது, அதற்குள் வீடு கிடைக்காமல் தெருவுக்கு வந்தவர்கள் பலர். வாடகைக்கு அறை இருக்கிற ஆளை உங்களுக்குத் தெரியும் என்றால் அந்த நம்பரைக் கொண்டு வாருங்கள்.