சேம்பரில் உட்காராத 9 மி.மீ. தோட்டா

பல கம்பெனிக் கேஸ்களை (தோட்டாவின் கூடுகளை) கலந்து, நீங்களே மருந்தும் குண்டும் வைத்துச் செய்த தோட்டாக்களில் பத்துக்கு மூன்று சேம்பருக்குள், அதாவது பேரல் எனும் குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழிக்குள், போகாமல் துப்பாக்கியின் நகரும் மேல்பகுதியான ஸ்லைடு பாதியில் நிற்கிறது என்கிறீர்கள். உள்ளங்கையால் தட்டி மூடாதீர்கள், முதலில் அது. துப்பாக்கியைக் காலி செய்து, பேரலைக் கழற்றி, தோட்டாவை அதில் போட்டுப் பாருங்கள். 'டக்'கென்று விழ வேண்டும், சுற்றினால் சுழல வேண்டும், கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும்.

சிக்குகிற தோட்டா முழுக்க மார்க்கர் பூசி மறுபடி போட்டுச் சுற்றுங்கள். மை உரிகிற இடத்தில்தான் கோளாறு. கேஸ் வாயில் உரிந்தால், குண்டு வைக்க விரித்த வாய் சரியாக மூடவில்லை. அந்த வாயை மூடும் அச்சான கிரிம்ப் டையைத் துளி இறக்குங்கள். வாயின் விட்டம் 9.65 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. அதற்காக நசுக்கவும் வேண்டாம், இந்தத் தோட்டா சேம்பரில் நிற்பதே அந்த வாயை வைத்துத்தான்.

குண்டில் (தோட்டாவின் முனையில்) கீறல் என்றால் அது பேரலின் உள்ளே உள்ள திருகு வரிகளை, அதாவது ரைஃபிளிங்கைத் தொடுகிறது. தோட்டாவின் அதிகபட்ச மொத்த நீளமான 29.69 மி.மீ.க்குள் இருந்தாலும் சில பேரல்களில் இப்படி ஆகும். குண்டைக் கேஸுக்குள் கொஞ்சம் ஆழமாக இறக்கலாம். ஆனால் அழுத்தம் ஏறும், ஆகவே தோட்டா நிரப்பும் கையேட்டின் தொடக்க அளவு வெடிமருந்திலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். அடிப்பக்கம் உரிந்தால், சுட்டு விரிந்த கேஸை மறுபடி அளவுக்குக் கொண்டுவரும் சைசிங் டை முழுதாக இறங்கவில்லை.

கலவையான கேஸ்கள் என்று சொன்னதால், அவற்றின் நீளம் ஒன்றுபோல் இராது என்பதால், எனக்கென்னவோ கிரிம்ப் மேல்தான் சந்தேகம்.