ஹோஸில் பில்டர் பூட்டியும் புள்ளி போகவில்லையே?

கேள்வி: கிணற்றுத் தண்ணீரால் காரைக் கழுவிக் காயவிட்டால் பொனட்டிலும் கண்ணாடியிலும் வெள்ளைப் புள்ளி விழுகிறது. ஹோஸில் பூட்டும் சின்னப் பில்டர் வாங்கிப் போட்டும் மாற்றமில்லை. பில்டர் பழுதா?
– வாசகர், உரும்பிராய்

பதில்: பழுதில்லை. அந்த வகைப் பில்டருக்குள் பெரும்பாலும் இருப்பது சல்லடையும் காபனும்தான். மணல், துரு, குளோரின் மணம் அதில் பிடிபடும். கரைந்த சுண்ணாம்பு பிடிபடாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதனூடாக இறங்கும்போது கல்சியம் இருகாபனேற்றையும் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. கேத்தில் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கும் உங்கள் பொனட்டில் விழும் புள்ளியும் ஒரே பொருள். துளி காயக் காயச் சுண்ணாம்பு விளிம்புக்கு ஒதுங்கும். அதனால்தான் புள்ளி வளையமாகத் தெரிகிறது.

முதலில் பேனா அளவிலான ரி.டி.எஸ். மீற்றர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் கருவி) ஒன்றால் தண்ணீரை அளவுங்கள். 500 காட்டுகிறது என்று வைப்போம். அப்படியென்றால் ஒரு லீற்றரில் ஏறத்தாழ அரைக் கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. இவற்றை முழுதாக எடுப்பது கலப்பு ரெசின் (கரைந்த உப்புகளைப் பிடித்துக்கொள்ளும் சிறு மணிகள்) நிரப்பிய பில்டர். ஆனால் ஒரு லீற்றர் ரெசின் சுமார் 25 கிராம்தான் தாங்கும். இந்தத் தண்ணீரில் 50 லீற்றரோடு அது முடிந்துவிடும். ஹோஸால் ஒரு கார் கழுவவே 100 லீற்றருக்கு மேல் போகும். ஆகவே நம் கிணற்றுத் தண்ணீரை நேரே ரெசினுக்கு விடுவது காசைக் கரைக்கும் வேலை. உப்புப் போட்டுப் புதுப்பிக்கும் மென்னீராக்கி கல்சியத்துக்குப் பதில் சோடியத்தைத் தரும். மீற்றரில் எண் குறையாது, புள்ளியும் விழும். ஆனால் ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும்.

கழுவுவதற்குக் கிணற்றுத் தண்ணீரே போதும். கடைசி அலசலுக்கு மட்டும் 10 முதல் 15 லீற்றர் ஆர்.ஓ. தண்ணீர் (நுண்சவ்வினூடாக அழுத்தி உப்பு நீக்கிய தண்ணீர்) வைத்திருங்கள். ஒழுங்காக வேலை செய்யும் ஆர்.ஓ. இயந்திரம் 500ஐ 50க்குக் கீழே கொண்டுவரும். ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீர் அதைவிட நல்லது: வீட்டுக் கூரையைக் கழுவிவரும் முதல் மழையை விட்டுவிட்டு, பிளாஸ்ரிக் தாங்கியில் பிடியுங்கள். புதுச் சீமெந்துத் தொட்டி மறுபடி சுண்ணாம்பைக் கலந்துவிடும்.

வெயில் ஏறமுன், எஞ்சின் ஆறியிருக்க, நிழலில் கழுவுங்கள். ஒரு பக்கம் கழுவும்போது மறுபக்கம் காயக்கூடாது, அடிக்கடி நனையுங்கள். கடைசி அலசலுக்குப் பூவாளியின் தலையைக் கழற்றிவிட்டு, காரின் கூரையிலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். தண்ணீர் துளித்துளியாக நிற்காமல் ஒரு தகடாக வழுகி இறங்கும். மிச்சத்தை மைக்ரோஃபைபர் துவாயால் ஒற்றி எடுங்கள். ஆர்.ஓ. தண்ணீர்தானே என்று காயவிட்டால் மெல்லிய புள்ளி வரத்தான் செய்யும்.

கேள்வி: ஏற்கெனவே விழுந்த புள்ளிகளுக்கு என்ன செய்யலாம்?
– வாசகர், வேலணை

பதில்: வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியை நனைத்துப் புள்ளிமேல் ஒரு நிமிடம் வையுங்கள். பிறகு துடைத்து, நிறையத் தண்ணீரால் அலசுங்கள். சூடான தகட்டில் செய்யவேண்டாம். மெழுகும் கொஞ்சம் போகும், திரும்பப் பூசவேண்டும். உங்கள் பக்கத்துக் கிணறு சவர் (உப்புத் தண்ணீர்) என்றால், படிந்திருப்பதில் பெரும்பங்கு கறியுப்பாக இருக்கும். நல்ல தண்ணீரிலேயே கரையும். ஆனால் உப்பு இரும்பைத் தின்னும், ஆகையால் சில்லு வளைவுகளின் உட்பக்கத்தையும் அலசுங்கள். வினாகிரிக்குப் பிறகும் வளையம் தெரிந்தால் அது மேற்பூச்சை அரித்துவிட்டது. அதைக் கட்டிங் பொலிஷ் போட்டுத்தான் எடுக்கவேண்டும்.