வீட்டிலிருந்து வேலை, ஆபீஸில் பதவி

அன்புள்ள ஐயா,

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமத்தில் இருந்துகொண்டு பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். கொரோனாவில் ஊருக்கு வந்தவள், அப்படியே தங்கிவிட்டேன். வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் எந்த முடிவும் எடுத்து முடித்த பிறகுதான் என் காதுக்கு வருகிறது. என்னோடு சேர்ந்தவர்கள் டீம் லீட் ஆகிவிட்டார்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்தாலும் எங்கள் ஊருக்குக் கடைசியில்தானே வரும், அந்த மாதிரி இருக்கிறது. பெங்களூருக்கே போய்விடட்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

முதலில், உங்களிடம் என்ன குறை என்று தேடுவதை நிறுத்துங்கள். நீங்கள் சொல்வதை ஏற்கெனவே அளந்து பார்த்திருக்கிறார்கள். 2010 கடைசியில் சிட்ரிப் என்ற சீனப் பயண நிறுவனம், ஷாங்காய் கால் சென்டரில் விருப்பம் தெரிவித்தவர்களில், பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர்களை மட்டும் வாரம் 4 நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க விட்டது. 9 மாதம் நடந்த அந்தச் சோதனையை ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஸ்டான்ஃபோர்ட் பொருளியல் பேராசிரியர் நிக்கோலஸ் புளூம். வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. ஆனால் அதே அளவு வேலை செய்த ஆபீஸ் ஆட்களோடு ஒப்பிட்டால் பதவி உயர்வு அவர்களுக்குக் குறைவாகத்தான் கிடைத்தது. உழைப்பு கண்ணில் பட்டால்தான் கணக்கில் ஏறும் என்றால் அது அநியாயம்.

அதே நிறுவனத்தில் 2021-இல் 1,612 பேரை வைத்து இன்னொரு சோதனை. இந்த முறை வீட்டிலிருந்து வாரம் 2 நாள் மட்டும், மீதி 3 நாள் ஆபீஸில். பதவி உயர்வு குறையவில்லை, வேலையை விட்டுப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். சரி, வாரம் 3 நாள் நீங்கள் பெங்களூர் போய் வர முடியுமா? முடியாது. அதனால் மாற வேண்டியது கம்பெனிதான்.

பல கம்பெனிகள் வேலையை லேப்டாப்புக்கு மாற்றிவிட்டன, முடிவெடுப்பதை மட்டும் டீ குடிக்கிற இடத்திலேயே விட்டுவிட்டன. கடைமடைக்குத் தண்ணீர் தானாகவா வருகிறது? முறை வைத்து, மேலே மதகை அடைத்தால்தான் வரும். அப்படி ஒரு முறை உங்கள் டீமுக்கும் வேண்டும். கூட்டத்துக்கு முன்பே விஷயத்தை எழுதி எல்லோருக்கும் அனுப்புவது, ஒருவர் வெளியூரில் இருந்தாலும் எல்லோரும் அவரவர் லேப்டாப்பில் சேர்வது, முடிவையும் அதன் காரணத்தையும் பொதுவான ஓர் இடத்தில் பதிவது. கிட்லேப் நிறுவனத்தில் எல்லோருமே தூரத்திலிருந்து வேலை பார்ப்பவர்கள். வேலை நடக்கும் விதத்தை எழுதி, யாரும் படிக்கலாம் என்று இணையத்திலேயே வைத்திருக்கிறார்கள். மனசு வைத்தால் முடிகிற காரியம் இது.

உங்கள் மேனேஜரிடம் இதைக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். அதோடு, பக்கத்து டீமில் ஒருவரிடமாவது வாரம் ஒருமுறை பேசுங்கள். மைக்ரோசாஃப்ட்டில் 61,000 பேரின் தொடர்புகளை வைத்து 2021-இல் வந்த ஆய்வின்படி, வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது சொந்த டீமுக்குள் நெருக்கம் கூடியது, மற்ற டீம்களோடு தொடர்பு மெலிந்தது. புது வாய்ப்பு எங்கே வருகிறது என்ற செய்தி பெரும்பாலும் அந்த வெளித் தொடர்பில்தான் கிடைக்கும்.

அவர்கள் அசையவில்லை என்றால் வேறு வேலை தேடுங்கள். அதற்காகப் பெங்களூர் வண்டி ஏற வேண்டும் என்றில்லை. தஞ்சாவூரிலேயே 2024-இல் டைடல் நியோ என்ற ஐ.டி. பூங்கா திறந்திருக்கிறார்கள், அங்கேயும் விசாரியுங்கள். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை என்றால், தூரத்திலிருந்து வேலை பார்த்த யாருக்காவது இதுவரை பதவி உயர்வு கொடுத்திருக்கிறீர்களா என்று இன்டர்வியூவில் நேராகவே கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் சேராதீர்கள்.